புறக்கடையில் கார் ஷெட்: லிஃப்ட் வாங்கும் முன் தரையைப் பாருங்கள்

வாசகர் கேள்வி: சூலூர் பக்கம் சொந்த வீடு. பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அப்பா வைத்திருந்த 1986 மாடல் அம்பாசிடரை நானே பிரித்துச் சரிசெய்து வருகிறேன். தரையில் படுத்து வேலை செய்ய இடுப்பு ஒத்துழைக்கவில்லை. புறக்கடையில் 16 அடிக்கு 20 அடி ஷெட் போட்டு, காரைத் தூக்கி நிறுத்தும் இரண்டு தூண் லிஃப்ட் ஒன்று வைக்க ஆசை. மகனுடைய பழைய இனோவாவையும் எப்போதாவது ஏற்ற வேண்டியிருக்கும். அங்கே ஏற்கெனவே மூன்று அங்குல சிமெண்ட் தளம் இருக்கிறது. கீழே கரிசல் மண். மூலையில் செப்டிக் டேங்க் உள்ளது. அந்தத் தளத்திலேயே போல்ட் அடித்துவிடலாம் என்கிறார் லிஃப்ட் விற்பவர். பத்தடி உயரம் போதும் என்கிறார் ஷெட் போடுபவர். லிஃப்ட் எதற்கு, காருக்கு அடியில் இறங்கி நின்று வேலை செய்யக் குழி வெட்டினால் போதும் என்கிறார் மெக்கானிக். வீட்டில் டைல்ஸ் போடச் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள ஐயா, வணக்கம்.

அப்பாவின் வண்டியைக் கைவிடாமல் காப்பாற்ற நினைக்கிறீர்கள். அதை முதுகு வலிக்காமல் செய்ய நினைப்பதும் நியாயமான ஆசை. தாராளமாகச் செய்யலாம். ஆனால் உங்களுக்கு யோசனை சொன்ன நால்வரில் ஒருவர் பேச்சையும் அப்படியே ஏற்காதீர்கள். லிஃப்ட் பிடிக்கவில்லை என்றால் விற்றுவிட்டு வேறு வாங்கிக்கொள்ளலாம். மோட்டார் எரிந்தால் மாற்றலாம். தரையின் கனத்தையும் கூரையின் உயரத்தையும் பிறகு மாற்ற முடியாது. அதனால் கையிருப்பை முதலில் அந்த இரண்டுக்கும் செலவிடுங்கள். லிஃப்ட் ஆறு மாதம் கழித்து வந்தாலும் நஷ்டமில்லை.

தளத்திலிருந்து தொடங்குகிறேன். உங்கள் அம்பாசிடரின் எடை ஒன்றேகால் டன்னுக்குள்தான். லிஃப்டின் எடையையும் சேர்த்து இரண்டு தூணுக்குப் பிரித்தால் ஒரு தூணின் கீழ் ஒரு டன் கூட வராது. மூன்று அங்குலத் தளம் அதைத் தாங்காதா என்று விற்பவர் கேட்டிருப்பார். அழுத்தத்தை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரிபோலத் தோன்றும். ஆனால் இரண்டு தூண் லிஃப்ட் தரையை அழுத்துவதோடு நிற்பதில்லை, போல்ட்டைப் பிடுங்கவும் செய்கிறது. கார் இரண்டு தூண்களுக்கும் நடுவே, தூண்களிலிருந்து நீளும் கைகளின் நுனியில் உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சுமை ஒவ்வொரு தூணையும் உள்பக்கமாகச் சாய்க்கப் பார்க்கும். தூணின் அடித்தகடான பேஸ் பிளேட் உள்விளிம்பில் ஊன்றி, வெளிவிளிம்பில் எழும்பப் பார்க்கும். அதைப் பிடித்து வைத்திருப்பவை தரைக்குள் இறங்கியிருக்கும் வெளிப்பக்கத்து ஆங்கர் போல்ட்கள் மட்டுமே.

கணக்கைப் பாருங்கள். சந்தையில் பரவலாகக் கிடைப்பது 4 டன் லிஃப்ட். முழுச் சுமையில் ஒரு பக்கத்துக்கு 2 டன். அது தூணிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஒன்றரை டன்-மீட்டர் திருப்பு விசை. பேஸ் பிளேட்டில் போல்ட்டுக்கும் ஊன்றும் விளிம்புக்கும் இடையே 30 சென்டிமீட்டர் இருப்பதாக வைத்துக்கொண்டால், வெளிப்பக்க போல்ட்கள் சேர்ந்து தாங்க வேண்டிய இழுவை நான்கு முதல் ஐந்து டன். உங்கள் வண்டிகளுக்கு இதில் பாதிகூட வராது. ஆனாலும் லிஃப்டின் பெயர்ப்பலகையில் என்ன சுமை எழுதியிருக்கிறதோ அதற்குத்தான் தரையைப் போட வேண்டும். நாளைக்கு அதன் மேல் எந்த வண்டி ஏறும் என்று நாம் இன்றைக்குச் சொல்ல முடியாது.

ஆங்கர் போல்ட் கான்கிரீட்டைக் கூம்பு வடிவில் பிடித்துக்கொள்கிறது. எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அவ்வளவு பெரிய கூம்பு. முக்கால் அங்குல ஆங்கர் நான்கைந்து அங்குலமாவது இறங்க வேண்டும். மூன்று அங்குலத் தளத்தில் அது தளத்தைத் துளைத்துக் கீழே உள்ள ஜல்லிக்குள் போய் நிற்கும். முறுக்கும்போது இறுகியதுபோலத் தெரியும். சில மாதம் வேலையும் செய்யும். பிறகு ஒருநாள் இனோவாவை ஏற்றி, நீங்கள் கியர்பாக்ஸுக்குக் கீழே நிற்கும்போது விட்டுக்கொடுக்கும். அந்தத் தளத்தில் போல்ட் அடிக்கச் சம்மதிக்காதீர்கள். அதன் மேலேயே இன்னொரு தளம் ஊற்றலாம் என்பார்கள், அதற்கும் வேண்டாம். உடைத்து எடுத்துவிடுங்கள்.

டைல்ஸ் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேஸ் பிளேட் கான்கிரீட்டின் மேல் நேரடியாக உட்கார வேண்டும். நடுவே டைல்ஸும் அதன் சாந்துப் படுகையும் இருந்தால், போல்ட்டின் பிடிப்பு ஆழம் அந்த அளவுக்குக் குறையும். டைல்ஸ் நொறுங்கினால் போல்ட் தளர்ந்துவிடும். வீட்டில் தரை அழகாக இருக்க வேண்டும் என்று விரும்பினால் எப்பாக்ஸி பெயிண்ட் அடித்துக் கொடுங்கள். எண்ணெய் ஊறாது, துடைப்பது எளிது, கீழே விழுந்த சின்ன வாஷர்கூடக் கண்ணில் படும்.

இனி கரிசல் மண். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது இதுதான். கரிசல் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கிக் கையளவு வெடிப்பு விடும். அதன் மேல் நேரடியாகப் போட்ட தளத்தில் ஒரு தூண் இருக்கும் இடம் கால் அங்குலம் எழும்பி, மற்றொரு தூண் இருக்கும் இடம் அப்படியே நின்றால் லிஃப்ட் கோணலாகிவிடும். இரண்டு கைகளையும் சமமாக ஏற்ற உள்ளே வயர் ரோப் இருக்கிறது; ஆனால் அது தூண்கள் செங்குத்தாக நிற்கின்றன என்ற நம்பிக்கையில் வேலை செய்வது.

முதல் வேலையாக, ஷெட் வரப்போகும் இடத்தில் மூன்றடிக்கு மூன்றடி குழி ஒன்று தோண்டுங்கள். ஐந்தடி ஆழம் வரை போய்ப் பாருங்கள். உங்கள் பக்கத்தில் பல இடங்களில் கரிசலுக்குக் கீழே சுக்கான் (சுண்ணாம்பு கலந்த கெட்டி மண்) தட்டுப்படும். அது நான்கடியில் கிடைத்துவிட்டால் உங்களுக்கு அதிர்ஷ்டம்: சுவர் பில்லர்களுக்குச் சாதாரண ஃபுட்டிங்கை (அடித்தளத்தை) அந்தச் சுக்கானில் உட்கார வைத்துவிடலாம். கரிசல் ஆழமாகப் போனால் பில்லர்களுக்கு அண்டர் ரீம்டு பைல் போட வேண்டும். தண்டு மெல்லியதாகவும் அடியில் அதைப்போல் இரண்டரை மடங்கு அகலத்துக்கு ஒரு குமிழும் இருக்கும் பைல் அது. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் நிலத்துக்கென்றே வளர்த்தெடுத்த முறை. மேல்மண் ஊதினாலும் குமிழ் ஆழத்தில் பிடித்துக்கொண்டிருப்பதால் பில்லர் அசையாது. அப்போது பில்லர்களைத் தரை மட்டத்தில் இணைக்கும் பிளின்த் பீமுக்கு அடியில் மூன்று அங்குல இடைவெளி விடச் சொல்லுங்கள். மண் ஊதும்போது பீமை முட்டித் தூக்காமல் இருக்க அந்த வெற்றிடம் தேவை. குழியிலிருந்து ஒரு பை மண் எடுத்துக் கோவையில் பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடம் ஒன்றில் மண் எவ்வளவு ஊதும் என்று பார்க்கும் ஃப்ரீ ஸ்வெல் சோதனைக்குக் கொடுங்கள். முடிவு 50 சதவீதத்தைத் தாண்டினால் நான் சொல்லும் எதையும் குறைக்காதீர்கள்.

தளத்துக்குக் கீழே மூன்றடி ஆழத்துக்குக் கரிசலை வெட்டி எடுத்துவிட வேண்டும். ஷெட்டின் அளவை விட எல்லாப் பக்கமும் ஓரடி கூடுதலாக வெட்டுங்கள். அந்த இடத்தில் கிராவல் மண் கொட்டி, ஆறு அங்குலத்துக்கு ஒரு அடுக்காகத் தண்ணீர் தெளித்து, காம்பாக்டர் வைத்து இறுக்குங்கள். ஷெட்டின் நீளம் 20 அடி போதாது, 24 அடி வேண்டும்; காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதன்படி 18 அடிக்கு 26 அடி, மூன்றடி ஆழம் என்றால் இறுக்கிய பின் 14 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) வரும். கொட்டும்போது 17, 18 யூனிட் தேவைப்படும். லாரியில் வந்ததை மொத்தமாகத் தள்ளி மேலே தண்ணீர் விட்டு நிரவி விடுவது நம் ஊர் வழக்கம். அப்படிச் செய்தால் மேலே ஓரடிதான் இறுகும், கீழே இரண்டடி அடுத்த மழையில் அமுங்கும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் நீங்களே பக்கத்தில் நில்லுங்கள்.

இறுக்கிய கிராவலின் மேல் நான்கு அங்குல பி.சி.சி. (கம்பி இல்லாத கான்கிரீட்), அதன் மேல் பாலிதீன் விரிப்பு, அதன் மேல் எட்டு அங்குலத்துக்கு எம் 25 வலிமைத் தரக் கான்கிரீட். தூண்கள் நிற்கும் இடத்தில் மட்டும் நான்கடிச் சதுரத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். 10 மில்லி கம்பி, ஆறு அங்குல இடைவெளியில், குறுக்கும் நெடுக்குமாக, மேலே ஒரு வலை கீழே ஒரு வலை. லிஃப்ட் நிறுவனங்கள் சில, நல்ல மண்ணில் இதைவிட மெல்லிய தளமே போதும் என்று கையேட்டில் எழுதியிருக்கும். அது குறைந்தபட்ச அளவு. உங்களுடையது கரிசல் நிலம். தளத்தைப் பிளின்த் பீமோடு இணைக்காதீர்கள். சுற்றிலும் அரை அங்குல தெர்மோகோல் பட்டை வைத்துத் தனியாக விடுங்கள். இரண்டு தூண்களும் ஒரே கான்கிரீட் பலகையின் மேல் இருக்க வேண்டும். அவற்றுக்கு நடுவே எந்த இணைப்புக்கோடும் வெட்டக் கூடாது. பலகை அசைந்தால் மொத்தமாக அசையட்டும்.

16 அடிக்கு 24 அடி தளத்துக்கு ஏறக்குறைய ஏழரை கன மீட்டர் கான்கிரீட் ஆகும். இதைக் கையால் கலக்க வேண்டாம், ரெடிமிக்ஸ் வாங்குங்கள். லாரி வந்து நின்றதும் இளக்கமாக இருந்தால் பரப்புவது சுலபம் என்று டிரம்மில் தண்ணீர் விடச் சொல்வார்கள். கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். எம் 25 ஆகக் கிளம்பியது அந்தத் தண்ணீரில் எம் 15 ஆகிவிடலாம், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஊற்றும்போதே வலிமைச் சோதனைக்கு ஆறு கியூப் (கான்கிரீட் கட்டிகள்) எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 விதி, பி.பி.சி. போன்ற கலப்பு சிமெண்டுக்குப் பத்து நாள் கியூரிங் கேட்கிறது. வெயில் கடுமையான காலத்தில் பதினான்கு நாள். நீங்கள் பதினான்கு நாளே செய்யுங்கள். 28 நாள் முடிந்து, கியூப் முடிவு கைக்கு வந்த பிறகுதான் துளை போட வேண்டும். கம்பி கட்டி முடித்ததும் அளவுகோல் வைத்து நாலாப்பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டால், துளையிடும் இடத்தில் கம்பி வருகிறதா என்று பிறகு தெரியும்.

அடுத்தது உயரம். அம்பாசிடரின் உயரம் 1.6 மீட்டர். லிஃப்டின் கைகள் தரையிலிருந்து 1.8 மீட்டர் வரை எழும்பும். கார் தூக்கப்படும் இடம் தரையிலிருந்து ஏறக்குறைய 20 சென்டிமீட்டரில் இருப்பதால், முழு உயரத்தில் காரின் கூரை 3.2 மீட்டரில் நிற்கும். அதாவது பத்தரை அடி. பத்தடி ஷெட்டில் கார் கூரையை முட்டும். பாதியில் நிறுத்திக்கொள்ளலாமே என்று தோன்றும். அப்படி நிறுத்தினால் நாள் முழுவதும் தலையைக் குனிந்தபடி வேலை செய்வீர்கள். இடுப்புக்காக வாங்கிய லிஃப்ட் கழுத்தைக் கெடுத்துவிடும். கூரையின் மிகத் தாழ்வான இடத்துக்குக் கீழே 12 அடி வெற்றிடம் வேண்டும். கூரையைத் தாங்கும் சட்டமான டிரஸ்ஸின் கீழ்க்கட்டை, டியூப் லைட், ஃபேன் எல்லாம் அந்த 12 அடிக்கு மேலே போக வேண்டும். தூண்களை மேலே இணைக்கும் வகை லிஃப்ட் என்றால் அதன் உயரமே பன்னிரண்டு அடியை ஒட்டி வந்துவிடும். உங்களுக்குத் தரையில் இணைப்புத் தகடு உள்ள வகையே பொருந்தும்; அதன் தூண்கள் ஒன்பதரை அடிக்குள் முடிந்துவிடும். நடுவே ஒன்றரை அங்குல மேடு இருக்கும், பழகிவிடும்.

நீளம் 20 அடி போதாது. அம்பாசிடர் மட்டுமே 14 அடிக்கு மேல். முன்னால் ஷட்டரை மூட இடம், பின்னால் வைஸ் பொருத்திய ஒரு மேசை, அதற்கும் காருக்கும் நடுவே ஆள் நிற்க இடம் என்று பார்த்தால் 24 அடி வேண்டும். அகலம் 16 அடி சரி. லிஃப்டுக்குப் பதினொன்றேகால் அடி போக இரு பக்கமும் இரண்டேகால் அடிக்கு மேல் கிடைக்கும். நீளத்தைக் கூட்டுவதற்காகச் செப்டிக் டேங்க் பக்கம் போகாதீர்கள். டேங்கின் சுவரிலிருந்து தளத்தின் விளிம்பு ஆறடியாவது தள்ளியிருக்கட்டும். டேங்கைச் சுற்றித் தோண்டி நிரப்பிய மண் எப்போதும் தளர்வாகவே இருக்கும், கசிவின் ஈரம் கரிசலை ஊத வைக்கும். புறக்கடையில் 24 அடி வைக்க இடமில்லை என்றால் எனக்கு எழுதுங்கள். அப்போது இடுப்பளவு தூக்கும் கத்தரி லிஃப்டையும் உருளும் முக்காலியையும் யோசிக்கலாம்.

கூரைக்குக் கலர் ஷீட் போதும். ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றை நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டியவர். கோவைக்கு இந்தியத் தரநிலை வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர். அந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 90 கிலோ விசை. ஷீட்டின் எடையோ சதுர மீட்டருக்கு ஐந்து கிலோகூட இல்லை. ஷட்டர் திறந்திருக்கும்போது காற்று உள்ளே புகுந்து கீழிருந்தும் தள்ளும். எனவே பில்லரின் அடித்தட்டு ஃபுட்டிங்கோடு போல்ட்டால் பிணைக்கப்பட வேண்டும், ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லின் டிரஸ்ஸோடு பற்றவைக்கப்பட வேண்டும், ஷீட்டின் ஓரங்களில் திருகாணிகள் நெருக்கமாக வர வேண்டும். கூரைத் தண்ணீரைக் குழாய் வழியாகத் தூரமாகக் கொண்டு போய் விடுங்கள். ஷெட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குத் தளம் போட்டால் கரிசலுக்குள் ஈரம் இறங்குவது குறையும்.

உங்கள் மெக்கானிக் சொன்ன குழியைப் பற்றி. நம் ஊரில் பல பட்டறைகள் குழியில்தான் நடந்திருக்கின்றன, அவர் அனுபவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனாலும் வீட்டுப் புறக்கடையில் குழி வேண்டாம் என்பேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கார்புரேட்டரிலிருந்து சொட்டுவதும், டேங்கைக் கழற்றும்போது சிந்துவதும் ஆவியாகிக் குழியின் அடியில் போய்த் தங்கும். மூக்குக்கு அந்த வாசனை பழகிவிடும். கையில் உள்ள விளக்கின் வயரில் ஒரு பொறி போதும், அதற்குள் மாட்டிக்கொண்டவர் ஏறி வர நேரம் இருக்காது. கரிசல் மண்ணில் குழியின் பக்கச் சுவர் வெடிப்பதும், ஐப்பசி மழையில் அடியில் ஊற்று எடுப்பதும் தனி. பேரப்பிள்ளைகள் விளையாடும் வீடென்றால் இதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை.

லிஃப்ட் வாங்கும்போது பக்கத்தில் சர்வீஸ் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். பட்டறைக் கருவிகள் செய்யும் ஏடிஎஸ் எல்ஜி கோவையிலேயே இருக்கிறது. வேறு நிறுவனங்களின் விலையையும் கேட்டு ஒப்பிடுங்கள். பழைய லிஃப்ட் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், வயர் ரோப்பில் இழை அறுந்திருக்கிறதா, கைகளின் பூட்டுப் பற்கள் தேய்ந்திருக்கின்றனவா, தூணின் அடியில் மறுபடி பற்றவைத்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபிட்டர் கண்ணுக்கு இவை தப்பாது. அந்தத் தடம் தெரிந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

வீட்டில் மூன்று பேஸ் மின் இணைப்பு இருந்தால் மூன்று பேஸ் மோட்டாரே வாங்குங்கள். சிங்கிள் பேஸ் என்றால் 3 ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது 15 ஆம்பியரை ஒட்டி இழுக்கும், கிளம்பும்போது அதைப்போல் சில மடங்கு. வீட்டுப் போர்டிலிருந்து தனி லைன், 6 சதுர மில்லி செம்பு வயர், தனி எம்.சி.பி., மின் கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி., நல்ல எர்த். சாவி போட்டுப் பூட்டும் சுவிட்ச் ஒன்றும் வையுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் யாரும் பொத்தானை அழுத்தக் கூடாது. மின்சாரம் போனால் கார் விழாது, பூட்டில் நிற்கும். ஆனால் பூட்டிலிருந்து விடுவிக்கச் சற்று மேலே தூக்கியாக வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். கைப் பம்ப் வசதி உண்டா என்று விற்பவரிடம் கேளுங்கள். ஊரார் வண்டிக்கும் காசு வாங்கி வேலை செய்ய ஆரம்பித்தால் வீட்டு மின் இணைப்பில் அதை ஓட்ட முடியாது, கட்டட அனுமதியும் வேறு வகையாகிவிடும். சொந்த உபயோகத்துக்கே ஆனாலும் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி எல்லையிலிருந்து விட வேண்டிய இடத்தை விட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.

கழித்த ஆயிலைக் கேனில் சேர்த்து, மறுசுழற்சிக்கு எடுக்க உரிமம் பெற்றவரிடம் கொடுங்கள். போர்வெல் இருக்கும் புறக்கடையில் ஒரு லிட்டரைக்கூட மண்ணில் ஊற்றாதீர்கள். விற்பனைக்கு இல்லாத பெட்ரோலை உரிமம் இல்லாமல் 30 லிட்டர் வரை வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் ஷெட்டுக்குள் ஐந்து லிட்டருக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

அம்பாசிடரை ஏற்றுவது பற்றி ஒரு வார்த்தை. அதற்கு இனோவாவைப்போலத் தனிச் சட்டம் கிடையாது, உடலே சட்டம். நாற்பது வருட வண்டியில் கதவுக்குக் கீழே உள்ள பெட்டிப்பகுதி உள்ளே துருப்பிடித்து, வெளியே பெயிண்ட் மட்டும் நிற்கலாம். தூக்கும் நான்கு இடங்களையும் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தம் வந்தாலோ துருப்பொடி உதிர்ந்தாலோ, அங்கே தகடு மாற்றிப் பற்றவைத்த பிறகே லிஃப்டில் ஏற்ற வேண்டும். சக்கரம் தரையை விட்டு ஓரடி எழும்பியதும் நிறுத்தி, பம்பரைப் பிடித்து ஆட்டுங்கள். அசையாமல் நின்றால் மேலே கொண்டு போய், இரண்டு தூணிலும் பூட்டு விழும் சத்தம் கேட்டபின் சற்று இறக்கிப் பூட்டின் மேல் உட்கார வைத்துவிட்டுத்தான் கீழே போக வேண்டும். என்ஜினைக் கழற்றி இறக்கினால் முன்பாரம் போய் வண்டி பின்பக்கம் கவிழப் பார்க்கும். அந்த வேலைக்கு முன் பின்பக்கம் உயரமான ஸ்டாண்டு கொடுங்கள்.

முதலில் மண்ணைப் பார்க்க நான் சொன்ன சோதனைக் குழியைத் தோண்டுங்கள். சுக்கான் எத்தனை அடியில் வந்தது, செப்டிக் டேங்க் எந்த மூலையில், எல்லைச் சுவர் எவ்வளவு தூரத்தில் என்று ஒரு கோட்டுப்படம் போட்டு அனுப்புங்கள். பைலா, சாதாரண ஃபுட்டிங்கா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை லிஃப்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.